சம்மத வயதும் சமூக ஒழுக்கமும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியச் சுவை பற்றி ஏதேனும் பேசுவேன் என எண்ணியே சங்கத்தார் என்னை அழைத்தனர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ அத்துணை இனிமையுடையதன்று. “குடும்பங்கள் கூடியிருக்கும் சபையில் இதனைப் பேசலாமோ?” என நண்பர் சிலர் வினவினர். குடும்பங்கள் கூடியிருப்பதனாலேயே பேசவேண்டும் என்பது எனது விடை. வீட்டிற் பேசக் கூசுவதையும் சபையிற் பேசக் கூசுவதையும் இறுதியில் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் பேச நேர்கின்றது. ஆங்குப் பேசுங்கால் காலம் கடந்துவிடுகின்றது. ஆதலின் வரம்பு கடவாத சொற்களால் இப்பொருளைக் கூற முற்படுகின்றேன். குற்றமுளதாயின் பெரியோர் பொறுத்தருள்க.

இரு வயதுகள்

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மண வயது என்பது ஒன்று. சம்மத வயது என்பது வேறொன்று. இத்தனை வயதுக்கு முன் விவாகம் நடத்தலாகாது என்பது மண வயதுச் சட்டம். இத்தனை வயதுக்கு உட்பட்ட பெண் “சரி” என்று சொன்னாலும், அச்சொல்லைச் சட்டம் சம்மதமாக ஏற்காது. அவளைத் தொட்டவன் குற்றவாளியே என்பது சம்மத வயதுச் சட்டம். முன்னது பெற்றோரையும் புரோகிதரையும் கட்டுப்படுத்துவது. பின்னது ஆடவனைக் கட்டுப்படுத்துவது.

சம்மதம் என்ற சொல்லைச் சற்றே ஆராய்வோம். அதன் தமிழ் இசைவு. யாழின் நரம்புகள் இசைய வேண்டுமாயின் ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய முறுக்கினைப் பெற்றிருத்தல் வேண்டும். முறுக்கேறாத நரம்பை மீட்டி, “இஃது இசைந்தது” என்பார் இசையறியாதார். உடலும் உள்ளமும் அறிவும் நிரம்பாத சிறுமியின் தலையசைப்பும் அத்தகையதே. அச்சத்தினாலும் அறியாமையினாலும் பெரியவர் சொல்லை மறுக்கும் வழக்கமின்மையினாலும் அவள் தலையசைப்பாள். அதனை இசைவென்று கொள்ளலாகாது என்பதே இச்சட்டங்களின் உட்கிடை.

1891ஆம் ஆண்டுப் பெரும்போர்

நம் தேசத்தில் 1860இல் இயற்றப்பெற்ற தண்டனைச் சட்டம் சம்மத வயதைப் பத்தென்று வைத்தது. மனைவியாயினும் பத்து வயதுக்குட்பட்டவளைத் தீண்டுதல் பலாத்காரமாகும் என்பது அதன் விதி. கால் நூற்றாண்டுக் காலம் இதனை எவரும் பெரிதாக எண்ணவில்லை. 1884இல் பம்பாயிலிருந்த பார்சிப் பத்திரிகாசிரியர் பெஹ்ராம்ஜி மலபாரி என்பார் பாலிய விவாகத்தையும் கட்டாய விதவைத்தன்மையையும் பற்றிய குறிப்புகளை வெளியிட்டு, அரசாங்கம் தலையிட வேண்டுமெனக் கிளர்ச்சி செய்தார். “பிற மதத்தவருக்கு நம் வீட்டுக் காரியம் எதற்கு?” என்ற கூச்சல் எழுந்தது.

அவ்வாண்டிலேயே ருக்மாபாய் என்னும் பெண்ணின் மேல் வழக்கொன்று தொடுக்கப்பட்டது. தச்சுத் தொழில் மரபினரான அவ்வம்மைக்குப் பதினொரு வயதில் மணம் நடந்தது. கணவனுக்கு அப்போது வயது பத்தொன்பது. அவர் கணவன் வீடு செல்லாது, தாயோடும் மருத்துவரான மாற்றாந்தந்தையோடும் இருந்து கல்வி கற்று வளர்ந்தார். கணவன் உரிமை கோரி நீதிமன்றம் ஏறினான். 1885இல் நீதிபதி பின்ஹே, அறியாப் பருவத்தில் நடந்த மணத்தைக் காட்டி விருப்பமற்ற ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்த இயலாது எனத் தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டின் பின், 1887இல் நீதிபதி பாரன், ஒன்று கணவன் வீடு செல்க, அன்றேல் ஆறு மாதம் சிறை செல்க எனக் கட்டளையிட்டார். ருக்மாபாய் சிறையையே ஏற்பதாக அறிவித்தார். 1888இல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வழக்குச் சமாதானமாயிற்று. அவர் லண்டன் சென்று மருத்துவம் பயின்று திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டு பெண்களுக்குச் சிகிச்சை செய்து, 1955இல் காலமானார். சிறைக்கஞ்சாத அவ்வொரு சொல் எத்தனை தாய்மாரின் உயிரைப் பிற்காலத்தே காத்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1890இல் கல்கத்தாவில் பூல்மணி என்னும் பத்து அல்லது பதினொரு வயதுச் சிறுமி, முப்பது வயது கடந்த கணவனின் செயலால் இரத்தம் பெருகி இறந்தாள். அவள் பத்து வயதைக் கடந்துவிட்டமையின் பலாத்காரக் குற்றம் சட்டப்படி சாராதாயிற்று. பிறிதொரு பிரிவின் கீழ் ஓராண்டுக் கடுங்காவலே அவனுக்குக் கிடைத்தது. நாடெங்கும் பேரதிர்ச்சி பரவியது. இந்தியாவிற் பணிபுரிந்த பெண் மருத்துவர் பலர், தம் கண்முன் வந்த இத்தகைய சிறுமியரின் நிலையைப் பட்டியலிட்டு அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தனர். 1891 ஜனவரி 9ஆம் நாள் சர் ஆண்ட்ரூ ஸ்கோபிள் சம்மத வயதைப் பன்னிரண்டாக உயர்த்தும் மசோதாவைக் கொணர்ந்தார். மார்ச்சு 19ஆம் நாள் அது சட்டமாயிற்று.

பத்திலிருந்து பன்னிரண்டு, இரண்டே ஆண்டுகள்! அதற்கு எழுந்த எதிர்ப்போ சொல்லுந்தரத்ததன்று. கல்கத்தா மைதானத்தில் பல்லாயிரவர் திரண்டனர். சட்டசபையில் சர் ரமேசசந்திர மித்தர் எதிர்த்தார். பூப்பெய்தியதும் கர்ப்பாதானம் நடத்தல் வேண்டுமென்பது சாஸ்திர விதி. பன்னிரண்டுக்கு முன் பூப்பெய்தினால் அவ்விதி வழுவுமே என்பது எதிர்த்தோரின் முதல் வாதம். அந்நிய அரசு நம் அந்தரங்கத்துள் நுழையலாகாது என்பது இரண்டாவது. பூனாவில் பாலகங்காதர திலகர் இவ்விரண்டாவது வாதத்தை வன்மையாக நடத்தினார். மறுபக்கம் ரானடேயும் தெலாங்கும் ஆதரித்தனர். வடமொழி வல்லுநரான ராமகிருஷ்ண கோபால பண்டார்க்கர், சாஸ்திரங்களைக் கொண்டே இம்மசோதா தருமத்துக்கு முரணன்று என நிறுவினார். சென்னை மாகாணத்தில் திவான் பகதூர் ரகுநாத ராவ் சீர்திருத்தத்தின் பக்கம் நின்றார்.

திலகரைக் குறித்து ஒரு சொல். அவர் சிறுமியர்பால் இரக்கமற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். பெண்ணுக்குப் பதினாறும் ஆணுக்கு இருபதும் நிரம்புமுன் மணம் செய்வதில்லையெனச் சீர்திருத்தக்காரர் தாமே முன்வந்து உறுதி பூணட்டும். அவர்களை மட்டும் கட்டுப்படுத்தும் விதியை இயற்றுக என்று அவரே யோசனை கூறியதுண்டு. திருத்தம் சமூகத்தின் உள்ளிருந்து வரவேண்டும், மேலிருந்து திணிக்கப்படலாகாது என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு நல்ல கொள்கையே. ஆயின் அதற்கு ஒரு விலையுண்டு. “நாமே திருத்திக்கொள்வோம்” என்று சொல்லும் சமூகம், சொன்னபடி திருத்திக்கொள்ளவும் வேண்டும். திருத்திக்கொள்ளாமல் சட்டத்தையும் மறுப்பது, பசித்த பிள்ளைக்கு நாமும் சோறிடாது பிறர் இடுவதையும் தட்டிவிடுவதற்கு ஒப்பாகும். இவ்வினா 1891ஆம் ஆண்டோடு முடிந்ததன்று. நம் சங்கம் போன்ற ஒவ்வொரு சங்கத்தின் முன்னும் இன்றும் நிற்பது.

சாரதா சட்டம் கற்பித்த பாடம்

சமஸ்தானங்கள் சிலவற்றில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிக்கு முன்பே திருத்தம் நிகழ்ந்தது. மைசூரில் 1894இல் எட்டு வயதுக்குட்பட்ட பெண்ணின் விவாகமும், ஐம்பது கடந்த ஆடவர் பதினான்குக்குட்பட்ட பெண்ணை மணத்தலும் தடுக்கப்பட்டன. பரோடாவில் 1904இல் பெண்ணுக்குப் பன்னிரண்டும் ஆணுக்குப் பதினாறும் மண வயதாயின. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் 1925இல், ஹரிசிங் கௌர் முயற்சியின் பயனாக, சம்மத வயது மணத்துக்குப் புறம்பே பதினான்காகவும் மணத்துக்குள்ளே பதின்மூன்றாகவும் உயர்ந்தது.

1927இல் ஹர்பிலாஸ் சாரதா பாலிய விவாகத் தடை மசோதாவைக் கொணர்ந்தார். 1928இல் நம் சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், பெண்ணின் மண வயதைப் பதினாறாகவும் ஆணின் மண வயதை இருபத்தொன்றாகவும் உயர்த்த வேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்து நிறைவேற்றினார். சர் மோரோபந்த் ஜோஷி தலைமையில் சம்மத வயதுக் குழு அமைந்து நாடெங்கும் சாட்சியம் கேட்டது. நம் மாகாணத்து ஆர்க்காடு இராமசாமி முதலியார் அதில் ஓர் அங்கத்தினர். ராமேசுவரி நேரு அம்மையார் மற்றோர் அங்கத்தினர். மத்திய சட்டசபையில் நம் மாகாணத்து எம். கே. ஆசாரியார் எதிர்த்து வாதாடினார். 1929இல் சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என விதித்தது. 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

நிற்க, அச்சட்டத்துக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். நிறைவேறியதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையிலிருந்த ஆறு திங்களில், “இப்பொழுதே முடித்துவிடுவோம்” என்று தேசமெங்கும் குழந்தைகளுக்கு அவசரமாக மணம் முடித்தனர். தொட்டிலிற் கிடந்த பிள்ளைகளுக்கும் தாலி ஏறியது. சட்டத்திலும் வலுவில்லை. எவரேனும் முறையிட்டாலன்றி நீதிமன்றம் அதனை விசாரிக்காது. முறையிடுபவரோ நூறு ரூபாய் வரை ஜாமீன் கட்டவேண்டியிருந்தது. அண்டை வீட்டுக் கலியாணத்தின்மேல் நூறு ரூபாய் கட்டி வழக்குத் தொடுப்பார் யார்? ஆகவே ஏட்டில் சட்டம் இருந்தது. வீட்டில் வழக்கம் இருந்தது.

இதனின்று யாம் அறிவது யாது? சட்டம் வேண்டும், சட்டம் மட்டும் போதாது. பத்திலிருந்து பதினான்குக்கு வருவதற்கு எழுபது ஆண்டுகள் சென்றன. அவ்வெழுபது ஆண்டுகளில் எத்துணைச் சிறுமியர் மாண்டனர், எத்துணைப் பேர் அறியாப் பருவத்தே விதவையராயினர் என்பதற்குக் கணக்கேது?

மேனாடும் கீழ்நாடும்

“இவையெல்லாம் மேனாட்டார் நம்மைப் பழிக்கக் கற்பித்தவை” என்று சொல்வாருளர். “மேனாட்டார் நாகரிகமுடையார், நாம் அநாகரிகர்” என்று கூறுவாரும் உளர். இரு கூற்றும் பிழையே. இங்கிலாந்தில் 1875 வரை சம்மத வயது பன்னிரண்டே. அவ்வாண்டில் பதின்மூன்றாகி, ஏழைச் சிறுமியர் விலைக்கு விற்கப்படுவதைப் பத்திரிகாசிரியர் ஸ்டெட் வெளிப்படுத்திய பின், 1885இலேதான் பதினாறாயிற்று. அமெரிக்காவில் டெலவேர் என்னும் நாட்டுப் பகுதியில் 1880களில் அவ்வயது ஏழாக இருந்தது! ஆங்கில நாட்டுப் பெண்ணின் மண வயதோ 1929 வரை பன்னிரண்டு. நமக்குச் சாரதா சட்டம் வந்த அதே ஆண்டிலேதான் அவர்களும் அதனைப் பதினாறாக்கினர். இங்கிலாந்திலும் வேல்சிலும் அது பதினெட்டானது 2023இல்.

ஆகவே குழந்தையைக் காத்தல் எந்த இனத்துக்கும் பிறவிக் குணமாக வாய்த்ததன்று. ஒவ்வொரு சமூகமும் போராடி, இகழ்ச்சி கேட்டு, சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டதே அது.

பழநூலும் இக்காலமும்

தமிழாசிரியனாகிய என்னிடம் சிலர் கேட்பதுண்டு: “கண்ணகிக்கு மணமானபோது வயது பன்னிரண்டுதானே? கோவலனுக்குப் பதினாறுதானே?” உண்மை. சிலப்பதிகாரம் அங்ஙனமே கூறுகின்றது. ஆயின் காப்பியம் அக்காலத்து வணிகர் குடியில் நிகழ்ந்த வழக்கைக் காட்டுகின்றதேயன்றி, எக்காலத்தார்க்கும் விதி வகுக்கவில்லை. கோவலன் மனைவியைப் பிரிந்து பொருளிழந்ததையும் அந்நூலே கூறுகின்றது. அதனை விதியாகக் கொள்வார் எவருமிலரே! வேண்டியதை மட்டும் பிரமாணமாகக் கொண்டு வேண்டாததைக் கதையென்று தள்ளுதல் நூலுக்குச் செய்யும் நேர்மையன்று.

பிரமாணம் வேண்டுவோர் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலைக் காண்க. தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டிய ஒப்புமைகள் பத்தென எண்ணுகின்றார் ஆசிரியர். அவற்றுள் ஆண்டும் ஒன்று, உணர்வும் ஒன்று. வயது ஒத்தல் வேண்டும். உணர்வு ஒத்தல் வேண்டும். பிறப்பும் குடியும் அப்பட்டியலில் இருக்கின்றன எனக் காட்டி மகிழ்வோர், அதே பட்டியலில் ஆண்டும் உணர்வும் இருப்பதைக் காணாது விடுதல் வியப்பே. ஐம்பது வயதினனுக்குப் பதினைந்து வயதுப் பெண்ணை ஈந்த நம் பாட்டன்மார் எந்த ஒப்புமையைக் கண்டனர்?

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை எனப் பெண்ணின் பருவங்களை முன்னோர் பிரித்துப் பெயரிட்டனர். பேதை என்ற பெயரே அறிவு நிரம்பாமையைக் குறிப்பது. பருவத்தைப் பிரித்தறிந்த மொழி நம்முடையது. அப்பிரிவினையை வாழ்க்கையிற் போற்றாமை மொழியின் குற்றமன்று.

மற்றொரு சொல்லையும் ஈண்டுக் கூறவேண்டும். பலாத்காரத்தைக் “கற்பழிப்பு” என்று பத்திரிகைகள் நெடுங்காலம் எழுதிவந்தன. இச்சொல் பெரும் பிழையுடையது. கற்பு என்பது உள்ளத்தின் உறுதி. அதனைப் பிறனொருவன் எங்ஙனம் அழிக்கக்கூடும்? வீட்டிற் புகுந்து திருடியவன் இருக்க, திருட்டுக் கொடுத்தவனை மானமிழந்தவன் என்பாருண்டோ? இச்சொல்லின் பயனாகக் குற்றம் செய்தவனின் இழிவு துன்புற்ற குழந்தையின் தலையில் ஏறியது. “வெளியே தெரிந்தால் மானம் போம்” என்று வாய்மூடிய குடும்பங்கள் எண்ணிறந்தன. பாலியல் வன்கொடுமை என இக்காலத்தார் எழுதுவதே நேரிது. வன்கொடுமை செய்தவனுக்கே உரியது. அதனை ஏற்றவளுக்கு உரியதன்று.

விடுதலைக்குப் பின்

1949இல் சம்மத வயது பதினாறாகவும், மணத்துக்குள்ளே பதினைந்தாகவும் ஆயிற்று. 1978இல் மண வயது பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என உயர்ந்தது. ஆயினும் தண்டனைச் சட்டத்தில் மனைவிக்குரிய வயது பதினைந்தாகவே நின்றது. பதினெட்டுக்கு முன் மணம் குற்றம். பதினைந்துக்கு மேற்பட்ட மனைவியைக் கணவன் பலவந்தம் செய்தலோ குற்றமன்று! இம்முரண் முப்பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. 2017 அக்டோபர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை நீக்கி, மனைவியாயினும் பதினெட்டுக்குட்பட்டவள் குழந்தையே எனத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய நியாயச் சட்டத்திலும் அவ்வயது பதினெட்டே.

இதற்கிடையே 2006இல் இயற்றிய குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், குழந்தையை மணக்கும் ஆடவனோடு, அம்மணத்தை நடத்துவோர்க்கும் துணைபுரிவோர்க்கும் இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்தது. 2012 நவம்பர் 14ஆம் நாள், குழந்தைகள் தினத்தன்று, போக்சோ எனப்படும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆணாயினும் பெண்ணாயினும் பதினெட்டுக்குட்பட்டார் அனைவரும் குழந்தைகள் என்பது அதன் விதி. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் தெரிவிக்காது மறைத்தலும் அதன்படி குற்றம்.

பயனும் விளைந்துள்ளது. இருபது முதல் இருபத்துநான்கு வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் பதினெட்டுக்கு முன் மணமானோர், 2005–06ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 47.4, 2019–21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 23.3. தமிழ்நாட்டில் பின்னைய கணக்கு 12.8. மகிழத்தக்கதே. எனினும் எட்டுப் பெண்களுள் ஒருத்தி என்பது சிறு எண்ணன்று. பத்தாம் வகுப்புக் கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும்போது, வருகைப் பதிவேட்டில் விடைகிடைக்காத பெயர்களை அழைத்தறிந்த எவ்வாசிரியனும் இவ்வெண்ணைச் சிறிதென்று சொல்லான். மழையையும் பஞ்சத்தையும் வரதட்சிணையையும் காரணமாகச் சொல்கின்றனர். உண்மையான காரணம் அச்சம். பெண் வயது வந்தபின் எவனையேனும் விரும்பிவிடுவாளோ என்னும் அச்சம்.

இன்றைய வழக்கு

இவ்வச்சத்தினின்றே இன்றைய விவாதம் பிறக்கின்றது. பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணும் அவளை ஒத்த வயதினனோ ஓரிரண்டு ஆண்டு மூத்தவனோ ஆகிய இளைஞனும் ஒருவரையொருவர் விரும்பி வீட்டை விட்டு நீங்குகின்றனர். பெண்ணின் பெற்றோர் புகார் கொடுக்கின்றனர். சட்டத்தின் கண்ணுக்கு அவள் குழந்தை. ஆதலின் அவன் கொடிய குற்றவாளி. பத்தாண்டு, இருபதாண்டுச் சிறை அவன்முன் நிற்கின்றது. அவளோ காப்பகத்தில் வைக்கப்படுகின்றாள்.

2019இல் சென்னை உயர்நீதிமன்றம், பதினாறுக்கு மேற்பட்டோரின் விருப்பத்தால் நிகழ்வனவற்றைச் சட்டத்தின் கடுமையினின்று விலக்குதலை ஆராயலாமென யோசனை கூறியது. 2021இல் அந்நீதிமன்றமே இத்தகைய வழக்கொன்றை நீக்கியதோடு, இளம்பருவத்தார் நட்பின்மேல் குடும்பத்தார் தொடுக்கும் வழக்குகள் பெருகுவதையும், அங்ஙனம் தண்டித்தல் இச்சட்டத்தின் நோக்கமன்று என்பதையும் சுட்டிக்காட்டியது. 2023இல் சட்ட ஆணையம் தனது 283ஆம் அறிக்கையில் வயதைக் குறைத்தல் கூடாது. பதினாறு முதல் பதினெட்டு வரையுள்ளோர் வழக்கில் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை நெறிமுறைகளுடன் நீதிபதிக்கு அளிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. 2025இல் உச்சநீதிமன்றத்தின் முன்னும் இவ்வாதம் எழுந்தது.

இருபக்கத்தும் நியாயமுண்டு. வயதைக் குறைத்தால், பெண்ணை ஏமாற்றிக் கடத்தும் கயவன் “அவள் இசைந்தாள்” என்று கூறித் தப்புவான். பதினாறு வயதில் மணம் முடிக்கும் தந்தைக்கும் துணிவு பிறக்கும். குறையாவிடில், பதினெட்டு நிரம்பிய மாணவன் ஒருவன் ஒரு கடிதத்தாலும் ஒரு பயணத்தாலும் வாழ்நாளை இழப்பான். என் கருத்து யாதெனில், வரம்பு பதினெட்டாகவே நிற்க. வயதில் அண்மையுடைய இளையோர் வழக்கில், வஞ்சகமோ வன்முறையோ அதிகாரமோ இல்லையென நீதிபதி தெளிந்தால், அவரைச் சிறைக்கன்றி அறிவுரைக்கு அனுப்பும் வழி சட்டத்திலேயே திறக்கப்படுக. மாறான கருத்துடையோர் இச்சபையில் இருப்பர். அவர்தம் கருத்தையும் நம் சஞ்சிகையில் வெளியிடுதல் முறை.

இனிக் கசப்பாயினும் ஒன்று சொல்லவேண்டும். நம்முடையது ஒரு சாதிச் சங்கம். ஆதலின் நம்மை நாமே கேட்போம். அவ்விளைஞன் நம் சாதியானாயின் என்ன செய்கின்றோம்? இரு வீட்டாரையும் அழைத்து, பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்பும்வரை பொறுக்கவும் மனமின்றி, “காதும் காதும் வைத்தாற்போல்” மணம் முடித்துவிடுகின்றோம். அப்போது சட்டம் நம் நினைவுக்கு வருவதில்லை. அவன் பிற சாதியானாயின், அதிலும் நம்மினும் தாழ்ந்தவரென நாம் வாய்கூசாது சொல்லும் குலத்தவனாயின், அன்றே காவல் நிலையம் செல்கின்றோம். அப்போது சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் நமக்கு மனப்பாடம். மாமன் முறையுடையான் ஒருவன் நம் வீட்டுக்குள்ளேயே சிறுமிக்குத் தீங்கிழைத்தானாயின் என்ன செய்கின்றோம்? கதவை அடைத்துவிட்டு வாயையும் அடைத்துவிடுகின்றோம். இம்மூன்று நிலையிலும் பெண்ணின் வயது ஒன்றே. அவள் உடலும் ஒன்றே. வேறுபடுவது நம் சாதிப் பெருமை ஒன்றுதான். அங்ஙனமாயின் நாம் காப்பது குழந்தையையா, பெருமையையா?

பெரும்பான்மையான வழக்குகளில் தீங்கிழைத்தோர் குழந்தைக்கு அறிமுகமானவரே என்பது அரசாங்கக் குற்றப் பதிவுகள் காட்டும் உண்மை. உறவினர், அயலார், நம்பிக்கைக்குரியோர், என் தொழிலைச் சேர்ந்த ஆசிரியர் சிலருங்கூட அவருள் அடங்குவர். எவனோ ஒருவன் வெளியிலிருந்து வருவான் என வாயிற்கதவைக் காத்துக்கொண்டு, உள்ளே இருப்பவனை மறந்துவிடுகின்றோம். ஒழுக்கம் என்பது பிறர் காண நடத்தல் அன்று. வலியோன் எளியோனிடத்துத் தன்னை அடக்குதல். அவ்வடக்கத்தைப் பெண்ணுக்குப் போதிப்பதினும் பன்மடங்கு நம் ஆண்மக்களுக்குப் போதிக்கவேண்டும்.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

திலகர் கேட்ட வினாவுக்கு விடையளிக்க நமக்கொரு வாய்ப்புண்டு. சட்டம் வருவதற்குக் காத்திராமல் நாமே செய்யக்கூடியன சில:

முதலாவது, நம் சஞ்சிகையின் மணமக்கள் பகுதியில் வயதுச் சான்று காணாது எவ்விளம்பரமும் ஏற்கலாகாது. சங்க மண்டபத்தையும் அங்ஙனமே வாடகைக்கு விடலாகாது. பதினெட்டு நிரம்பாத பெண்ணின் மணத்துக்குச் சங்கப் பெரியோர் எவரும் மொய் எழுதலாகாது, பந்தியில் அமரலாகாது.

இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மேற்படிப்புச் செல்லும் நம் பெண்மக்களுக்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்துக. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் வழங்கிவந்த திருமண உதவியையே அரசாங்கம் 2022இல் கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாயாக மாற்றியது. தாலிக்குக் கொடுத்த பொருளைப் புத்தகத்துக்குக் கொடுத்தல் நன்மாற்றமே. நாமும் மணச் செலவிற் பத்திலொரு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

மூன்றாவது, குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் பஞ்சாயத்துப் பேசி முடித்தல் நம் குலத்தில் இனி இல்லை என உறுதி செய்க. 1098 என்ற தொலைபேசி எண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்படுக. குற்றவாளி பொருளுடையவனாயினும் சங்கத்துப் பதவியுடையவனாயினும் வேறுபாடு கூடாது.

நான்காவது, நம் பிள்ளைகளின் விருப்பம் நமக்கு உவப்பில்லாத இடத்துச் சென்றால், சாதியின் பொருட்டுச் சட்டத்தை ஆயுதமாக்காதிருப்போம். “பதினெட்டு வரை பொறு, படி, பின் பேசுவோம்” என்று சொல்லும் தந்தையைப் பிள்ளைகள் மதிப்பர். பொறுத்த பின் அவர்கள் மனம் மாறினும் நன்று, மாறாவிடினும் நன்று. பேச வாயிலுள்ள வீட்டினின்று எவரும் இரவில் ஓடுவதில்லை.

ஐந்தாவது, இத்தீர்மானங்களை ஆராயும் குழுவில் பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும். 1891இல் சாஸ்திரிகள் பேசினர், வக்கீல்கள் பேசினர், பத்திரிகாசிரியர் பேசினர், ஆட்சியாளர் பேசினர். மதம் என்றனர், மானம் என்றனர், சுதேசம் என்றனர். யாரைப்பற்றிப் பேசினரோ அச்சிறுமியை எவரும் கேட்டிலர். பேசத் துணிந்த ருக்மாபாய்க்கும் சிறையே காட்டினர். இன்றும் பதினாறா, பதினெட்டா என்று பெரியோர் வாதாடுகின்றோம். அவ்வயதுடைய நம் மகளிர் இக்கூடத்தின் பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கின்றனர். அடுத்த கூட்டத்தில் அவருள் இருவரேனும் இம்மேடையில் நின்று தம் கருத்தைக் கூற இடமளியுங்கள். அவர் கூறுவது நமக்கு உவப்பாயிராது போகலாம். கேட்கவேண்டியது நம் கடமை.

இவற்றைச் சங்கத்தின் நிர்வாக சபையார் தீர்மானங்களாக ஏற்று ஆராயுமாறு வேண்டுகின்றேன்.